ரிவர்ஸில் ஏறாத மேடு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாவும் உங்கள் மூத்த மகள் வீட்டில் பேரனோடு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியமாக இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பொய் எழுதுவேன். இந்த வெயிலில் அதற்குக்கூடத் தெம்பில்லை. போனில் சொன்னால் நடுவில் குறுக்கிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். ஆமாம், உங்கள் கேட்டை வளைத்தது நான்தான்.

விஷயம் அடுப்பில் ஆரம்பிக்கிறது. என் மகள் கேக்கும் ரொட்டியும் சுட்டு விற்கிற பெரிய கரண்ட் அடுப்பை அவள் இங்கிலீஷில் ‘அவன்’ என்பாள். இந்தக் கடிதத்தில் ‘அவன்’ என்றால் அடுப்பு. உங்கள் மகனை ‘அவர்’ என்றே எழுதுகிறேன், மாப்பிள்ளை மரியாதையை இன்னும் விடவில்லை. என் மகள் எங்களைப் பார்க்க வந்திருந்த வாரத்தில், சமையலறையில் அனல் தாங்கவில்லை என்று சம்பந்தியம்மா சொல்ல, அவர் அவனைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் போட்டார். இவள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அவன் தலையில் பழைய சைக்கிள் டயர். இருவருக்கும் அன்று நின்ற பேச்சு ஒரு மாதமாக நின்றதுதான். போன ஞாயிறு எனக்கு போன். “அப்பா, என்னையும் அடுப்பையும் வந்து கூட்டிட்டுப் போங்க.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

போகிற வண்டி காலியாகப் போகக்கூடாது என்று எனக்கு ஒரு ரோஷம். நாங்கள் வீடு மாறியபோது நீங்கள் அன்பளிப்பாகத் தந்த மார்பிள் மேசையையும் மர அலமாரியையும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். “மேசைய விட்டுட்டுக் கோபப்படுங்களேன்” என்று என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். கேட்கவில்லை. வாடகைக்கு ஓர் இரும்பு டிரெய்லர், அதை இழுக்க என் தம்பியின் புது ஹைப்ரிட் லாரி. பெட்ரோலும் குடிக்கும், கரண்ட்டும் குடிக்கும் என்றான் தம்பி. இரண்டையும் குடித்துவிட்டு மேட்டில் மயங்கி நிற்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

உங்கள் தெருவோ செங்குத்தான மேடு, மேலே வண்டி திருப்ப இடமில்லை, எனவே டிரெய்லரைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே ஏற வேண்டும், உச்சி வெயில், தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது, இதில் டிரெய்லர் இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டுமாம். மாப்பிள்ளை வாசலுக்கு ஓடிவந்து, “மாமா, ரைட்ல ஒடிங்க!” என்றார். மாடி ஜன்னலிலிருந்து என் மகள், “அப்பா, அவர் பேச்சக் கேக்காதீங்க, லெஃப்ட்டு!” என்றாள். நான் இருவர் பேச்சையும் கேட்டேன். உங்கள் கேட் போனது அப்போதுதான்.

முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி... இந்த வண்டியில் ரிவர்ஸ் போகும்போது எஞ்சின் சும்மா உறுமுமாம், தள்ளுவதெல்லாம் மோட்டார்தானாம். முன்னால் ஓடுகிற வண்டிக்குக் காற்று வரும். பின்னால் ஊர்கிற வண்டிக்கு யார் விசிறுவது? பாதி மேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ‘சூடு அதிகம், வண்டியை நிறுத்தவும்’ என்று எழுத்து வந்தது. நிறுத்தினேன். வண்டி நிற்கவில்லை. டிரெய்லரின் கனம் கீழ்நோக்கித் தள்ள, பிரேக்கை மிதித்தும் மெல்ல மெல்லச் சறுக்க ஆரம்பித்தது.

சம்பந்தி, இதை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன். மாப்பிள்ளை ஒரு நொடி யோசிக்கவில்லை. சம்பந்தியம்மாவின் ரோஜாத் தொட்டிகளைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திணித்தார். தொட்டி நொறுங்க நொறுங்க இன்னொன்று. கடைசித் தொட்டியில் வண்டி நின்றபோது அவர் விரல்களுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மண்தான் இருந்தது. என் மகள் செருப்பில்லாமல் கொதிக்கிற ரோட்டில் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கை போயிருந்தா என்ன பண்ணுவீங்க?” ஒரு மாதம் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு. நான் உள்ளே பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வண்டி ஆறும்வரை இருவரும் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்தார்கள். நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

“அடுப்ப வெளிய போட்டது தப்புதான்.”

“அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

“அம்மா முன்னாடி எப்படிச் சொல்றது?”

“அம்மாவுக்கு அனல் அடிச்சது தெரிஞ்சிச்சு. எனக்கு அது பொழப்புன்னு தெரியலையா?”

மாப்பிள்ளை எழுந்துபோய் அவனைத் துடைத்து, தெருக்காரர்களைக் கூட்டித் தானே வண்டியில் ஏற்றிவிட்டார். “போகாதே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வண்டியில் ஏறும்வரை காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நான் அவளுக்கு அப்பன். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

ஆகவே சம்பந்தி, அலமாரியும் மேசையும் உங்கள் கூடத்தில் இருக்கின்றன. அம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்தே பேசுகிற மனிதர் இனி என் வாசற்படி மிதிக்க வேண்டாம். நம் உறவு இத்தோடு முடிந்தது.

தாங்கள் வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். என் கோபம் தீரும்வரை தாங்கள் நன்றாக இருக்க வேண்டும். பேரனுக்கு என் முத்தங்கள். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. (இந்த ‘அவன்’ அடுப்பு அல்ல.)

இப்படிக்கு,
‘முன்னாள்’ என்று எழுதக் கை வராத தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளை. கையில் பெட்டி, கக்கத்தில் தலையணை. “மாமா, இனிமே நான் இங்கதான்” என்றார். ‘வெளியே போ’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். “உள்ள வாங்க மாப்ளே” என்று வந்துவிட்டது. என் மகள் மாவு மூட்டையை நகர்த்தி அவர் பெட்டிக்கு இடம் பண்ணினாள். மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் வீட்டுச் சாவியை அங்கே அடுத்த வீட்டில் கொடுத்திருக்கிறாராம். நீங்கள் ஊர் திரும்பினால் அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். கதவு திறக்க வீட்டில் ஆளில்லை.