ஸமஹா நலம், மச்சான் கத்தக் கூடாது

பித்யா,
வியாழக்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மூத்த மச்சான் முஸல்லம் அவர்களுக்கு, தங்கள் தங்கை நாஷிராவின் கணவன் தியாப் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், நாஷிரா, ஆடுகள், வண்டி எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். மஸ்கட் ஆஸ்பத்திரியில் தங்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு மனம் குளிர்ந்தது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், கத்தினால் தையல் பிரியும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறாராம். கடிதமென்றால் படுத்துக்கொண்டே படிக்கலாம், நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இப்போதே ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் தாங்கள் என்னை நம்பி விட்டுச் சென்ற ஸமஹாவைப் பற்றி. அவள் நலமாக இருக்கிறாள். தாங்கள் சொன்னபடியே பேரீச்சம்பழமும் பாலும் தேனும் கொடுத்து வருகிறேன்; எனக்குக்கூட நாஷிரா அப்படிக் கொடுத்ததில்லை. பெருநாள் பந்தயத்துக்கு உடம்பு அளவில் தயார். யாருடைய ஒட்டகமாக ஓடப்போகிறாள் என்பதில்தான் ஒரு சின்னச் சிக்கல்.

சனிக்கிழமை மாலை ஹால்வார் என்ற நார்வேக்காரரும் அவர் மனைவி ரக்னிலும் மணல்மேடு பார்க்க என் வண்டிக்கு வந்தார்கள். வழக்கம்போல மணலில் புதையாமலிருக்க டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பெரிய மேட்டின் உச்சிவரை வண்டியை ஏற்றி, மறுபக்கம் மூக்குக் குப்புற இறக்கினேன். இந்த இடத்தில் எல்லோரும் அலறுவார்கள். அதற்காகத்தானே அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், அலறாவிட்டால் நமக்கே சங்கடமாக இருக்கும். ஹால்வார் கம்பியைப் பிடித்தபடி பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள்தான் பின்னாலிருந்து, "இன்னும் வேகமா போங்க, ஏன் பயப்படறீங்க?" என்றார். என்னைப் பார்த்து! சரி என்று வீட்டுக்கு அழைத்து வந்து, கஹ்வாக் காப்பியும் ஹல்வாவும் வைத்து, நம் கிழட்டு ஒட்டகம் மர்ஸூக்கின் மேல் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போகலாம் என்று எழுந்தால், வேலிக்கு அப்பால் நின்றிருந்த ஸமஹா அந்த நேரம் பார்த்தா கழுத்தைத் தூக்கித் திரும்பிப் பார்க்க வேண்டும்? ஹால்வார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அடேயப்பா, எவ்வளவு அழகு!" என்றார். நான், "உங்களோடதுதான், எடுத்துக்கோங்க" என்றேன்.

மச்சான், நீங்களே சொல்லுங்கள், நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? விருந்தாளி புகழ்ந்த பிறகு "ஆமாம், அழகுதான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க நான் என்ன கஞ்சன் வீட்டுப் பிள்ளையா? போன பெருநாளுக்கு நீங்கள் என் இடுப்புக் கத்தியைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றீர்கள், நான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், நீங்கள் "அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும், அங்கதான் அதுக்கு அழகு" என்றீர்கள், கத்தி இன்றுவரை என் இடுப்பில்தான் இருக்கிறது. சொல்கிறவன் சொல்ல வேண்டும், கேட்கிறவன் மறுக்க வேண்டும், இரண்டு பேர் மானமும் உயர்ந்து பொருள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஹால்வாரோ எழுந்தார். கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மறுக்க மாட்டேன் தியாப். ரொம்ப நன்றி. ஏத்துக்கறேன்" என்றார்.

உள்ளே பெண்கள் பக்கம் தட்டு ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

அவர்கள் கூடாரத்துக்குத் தூங்கப் போனதும் தங்கள் தங்கை வெளியே வந்தாள். "எங்க அண்ணன் ஆஸ்பத்திரில கெடக்காரு, நீங்க இங்க அவரு ஒட்டகத்தைத் தூக்கிக் குடுத்து வள்ளல் பட்டம் வாங்கறீங்களா?" என்றாள். "அந்த ஆளு வேண்டாம்னு சொல்லுவாருன்னு நெனச்சேன் புள்ள" என்றேன். "அவரு ஊர்ல வேணும்னா 'வேணும்'பாங்க, வேணாட்டி 'வேணாம்'பாங்க. எல்லாரும் உங்கள மாதிரியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பெற்றோர் வீட்டு ஒட்டகம் என்றால் அவளுக்கும் வலிக்கத்தானே செய்யும்.

மறுநாள் யோசனை ஒன்று வந்தது. பயமுறுத்தி விரட்டிவிட்டால் ஒட்டகத்தை மறந்துவிட்டு ஓடிப்போவார் அல்லவா? ஊரில் எவனும் வண்டி ஏற்றாத செங்குத்து மேட்டுக்கு இருவரையும் அழைத்துப் போனேன். ஸமஹாவையே நினைத்துக்கொண்டு போனதில், மச்சான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, டயரில் காற்றை இறக்க மறந்துவிட்டேன். பாதி மேட்டில் வண்டி அச்சுவரை புதைந்தது. ஹால்வார் பயப்படுவதற்குப் பதிலாகச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கையாலேயே மணலைத் தோண்ட ஆரம்பித்தார். பனியில் வண்டி சிக்கினால் அவர்கள் ஊரிலும் இதே வேலைதானாம், ஆனால் கை விறைத்துப்போகுமாம், இங்கே கதகதப்பாக இருக்கிறதாம். கடைசியில் பக்கத்து வீட்டு ஹுவைஷில் தன் வண்டியில் சங்கிலி கட்டி இழுத்துவிட்டான். இழுத்துவிட்டுச் சும்மா போனானா? "என்ன தியாப், காத்தையும் யாருக்காவது எடுத்துக்கோன்னு குடுத்துட்டியா?" என்றான். அதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது.

ஆனாலும் அவன் ஒரு நல்ல வழி சொன்னான். "அவரு புகழ்ந்தாரு, நீ குடுத்தே. இப்ப நீ புகழு, அவரு குடுத்துத்தானே ஆகணும்?" எனக்கு உயிர் வந்தது. பழகிப் பார்ப்போம் என்று முதலில் அவர் தொப்பியைப் புகழ்ந்தேன். எந்தக் கடையில் வாங்கினார் என்று சொன்னார். கைக்கடிகாரத்தைப் புகழ்ந்தேன். தண்ணீரில் விழுந்தாலும் ஓடும் என்று விளக்கினார். நான் நேராக ஸமஹாவின் பக்கத்தில் போய் நின்று, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, "ஹால்வார், உங்க ஒட்டகம் மாதிரி அழகான ஒட்டகத்தை நான் பாத்ததே இல்ல" என்றேன். அவர் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஆமா, இல்ல? நீங்க சொல்லிக் கேக்கறப்ப பெருமையா இருக்கு" என்றார். அழுகையே வந்துவிட்டது மச்சான், உண்மையாகவே வந்துவிட்டது. நீங்கள் கட்டிலில் படுத்தபடி பந்தயத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பது கண்ணுக்குள் நின்றது.

இதைத் தீர்த்து வைத்தது தங்கள் தங்கைதான். செவ்வாய்க்கிழமை காலை ரக்னிலைத் தன் பக்கம் கூப்பிட்டு உட்கார வைத்து நேராகக் கேட்டுவிட்டாள். "உண்மையச் சொல்லும்மா, இந்த ஒட்டகம் உங்களுக்கு வேணுமா?" அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று கொட்டிவிட்டாராம். "ஐயோ, வேண்டவே வேண்டாம்! பாலைவனத்துல குடுக்கற பொருள மறுத்தா அது பெரிய அவமானம்னு புத்தகத்துல படிச்சிட்டு வந்தோம். மூணாவது மாடியில குடியிருக்கோம். ராத்திரியெல்லாம் எங்க வீட்டுக்காரர் தூங்காம, விமானத்துல எப்படி ஏத்தறதுன்னு புலம்பறாரு." இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டு ஓடின. அவர் என் மானத்துக்காக வாங்கியிருக்கிறார், நான் என் மானத்துக்காகக் கொடுத்திருக்கிறேன், நடுவில் வாயில்லா ஜீவன் நின்றுகொண்டிருக்கிறது!

விஷயம் தெரிந்ததும் ஹால்வார் வெளியே வந்து ஸமஹாவின் கயிற்றை அவிழ்த்து, தன்னைக் காப்பாற்றியது இவள்தான் என்று நாஷிராவின் கையில் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பிடி புள்ள, இனிமே உன்னோடதுதான்!" என்று கத்திவிட்டேன். நாக்கு மச்சான், நாக்கு. நாஷிரா என்னைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். "சரி. சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு ஸமஹாவைத் தன் ஆட்டுப்பட்டிப் பக்கம் நடத்திக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து தீனி வைப்பது, துலக்குவது, காலையில் ஓடப் பழக்குவது எல்லாம் அவள்தான். "உங்க அண்ணன் வந்து கேப்பாரே" என்றால், "வரட்டும், கேக்கட்டும்" என்கிறாள்.

ஆகையால் தங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இது நமக்குள் இருக்கட்டும். தையல் பிரித்ததும் நேரே இங்கே வாருங்கள். கஹ்வா குடியுங்கள். பிறகு நாஷிரா காதில் விழும்படி, "தங்கச்சி, உன் ஒட்டகம் எவ்வளவு அழகு!" என்று சொல்லுங்கள். அவள் உங்கள் வாப்பாவின் மகள். "உங்களோடதுதான் அண்ணா, எடுத்துக்கோங்க" என்று சொல்லாமல் இருக்கவே முடியாது. அப்போது நீங்கள் பழக்கதோஷத்தில் மறுத்துத் தொலைக்காதீர்கள். நார்வேக்காரரைப் போல எழுந்து, நன்றி சொல்லி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். வயிற்றுக் கட்டு சீக்கிரம் அவிழவும், கோபம் அதற்கு முன்பே அவிழவும் அல்லாஹ் அருள் செய்வானாக.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
தியாப்

பின்குறிப்பு: அண்ணா, நாஷிரா எழுதுகிறேன். கவர் ஒட்டக் கோந்து தேடப் போனவர் ஹுவைஷில் வீட்டில் பேச்சில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். நீங்கள் வந்து ஸமஹாவைப் புகழ வேண்டாம். புகழ்ந்தால், "ஆமாம் அண்ணா, அழகுதான்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். ரக்னிலிடம் சொல்லிப் பார்த்துப் பழகிவிட்டேன், அவ்வளவு கஷ்டமில்லை. இவர் கொடுத்தது செல்லாது என்று எனக்குத் தெரியும். வாப்பா மௌத்தான பிறகு மந்தையைப் பிரித்தபோது, "உனக்கு எது வேணும்?" என்று நீங்கள் கேட்டீர்கள். "எனக்கு எதுக்கு அண்ணா, உங்ககிட்ட இருந்தா என்கிட்ட இருக்கற மாதிரிதானே" என்றேன். நீங்கள் இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அதனால் இப்போது நேராகவே கேட்கிறேன்: எனக்கு ஸமஹா வேண்டும். தருவீர்களா? மனம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள், கயிற்றைத் திருப்பித் தந்துவிடுகிறேன், வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன். மரியாதைக்காக மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள் அண்ணா.