வாளி அண்ணாச்சி வெந்நீரில் இறங்கிய கதை

வாசகப் பெருமக்களே, உங்களையே சாட்சியாக அழைக்கிறேன். நெருப்பை நம்பிப் பிழைக்கும் சிவகாசிச் சீமையில், நெருப்பு எங்கும் உயிரோடிருக்கக் கூடாது என்று சபதமேற்று வாழ்ந்த ஒரே மனிதர் வாளி அண்ணாச்சி. மறுத்துரைக்க உங்களில் எவரும் எழமாட்டீர்கள்.

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அவர் தீக்காவல். மணல் வாளி, தண்ணீர் வாளி இரண்டுக்கும் நடுவே நின்று, உள்ளே நுழைவோரின் மடியைத் தடவிப் பீடியையும் தீப்பெட்டியையும் பறிப்பது உத்தியோகம். மாலையில் உத்தியோகம் முடியும், வாளி முடியாது. ஒரு கல்யாண வீட்டில், ஓமம் வளர்த்த ஐயர் புகையில் கண்ணை மூடித் திறப்பதற்குள் குண்டம் குளமாகியிருந்தது. கம்பெனிக்கு அருகிலேயே குடியிருந்ததால், காலையில் ஒருமுறை சோறு பொங்கியதும் தம் வீட்டு அடுப்பையும் நனைத்துவிடுவார். அவர் மனைவிக்கோ, எங்களுக்கெல்லாம் மதினி, இரண்டு முழங்காலும் வீங்கி, சுவரைப் பற்றாமல் எழ முடியாது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் வைத்தியர். மறுபடி அடுப்பு மூட்ட அண்ணாச்சி சம்மதிக்கவில்லை.

தீபாவளிச் சீசன் ஓய்ந்த ஒரு கார்த்திகையில் எங்கள் தெருவார் காசி, கயைக்குப் புறப்பட்டார்கள். கயைக்கு அப்பால் ராஜகிரியில் வெந்நீர் ஊற்று உண்டு, அது தீர்த்தம், முழுகினால் முடக்கு நீங்கும் என்று யாரோ சொல்ல, மதினி கணவரிடம் முதன்முறையாக ஒன்றைக் கேட்டார். அவரும் தட்டவில்லை. பேச்சுப் போட்டிகளில் தோல்வி அறியாத என்னை மொழிபெயர்ப்பாளனாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ரயில் பயணத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கொட்டாவி வருகிறது. அண்ணாச்சி ஸ்டேஷன்தோறும் இறங்கி எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என்னை உலுக்குவார். "தம்பி, எஞ்சின் ரொம்பப் புகையுது. டிரைவர்ட்ட இங்கிலீசுல ஒரு வார்த்தை சொல்லி வைங்க." பீடி பற்றவைத்த ஒரு பயணியின்மேல் அவர் வீசிய தண்ணீரில் பாதி என் படுக்கையில் விழுந்தது. மீதிப் பாதிக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். பரிசுகள் பெற்ற என் ஆங்கிலம் அந்தப் பயணிக்கு விளங்கவில்லை.

ராஜகிரியை அடைந்த காலை கடுங்குளிர். திரும்பும் பஸ் ஒரு மணி நேரமே நிற்கும் என்றார்கள். மதினியை இருவர் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கடைசிப் படியில் உட்கார்த்தினார்கள். குளம் முழுவதும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி நின்றுவிட்டார்.

"தம்பி, இதுக்கடியில யாரு தீ மூட்டுறாக?"

களைப்பில் நான் வாய்மூடி இருந்திருக்கலாம். ஆனால் பயின்ற நாவுக்கு மேடை கிடைத்துவிட்டது. "அண்ணாச்சி, இது மனிதர் மூட்டிய தீயன்று. பூமியின் ஆழத்திலே கந்தகம் குமுறுகின்றது. அதன் வெம்மையே..."

"கந்தகமா?"

"ஆம். கந்தகமே."

"கீழ கந்தகத்தக் குவிச்சு வச்சுக்கிட்டா மேல குளிக்காக?" அடுத்த கணம், கம்பெனியில் எழுப்பும் அதே குரலில், "ஏலே, எல்லாரும் வெளிய ஓடுங்க" என்றார். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரல் புரிந்தது. குளித்தவர்கள் ஈரத்துணியோடு படியேறி ஓடினார்கள். அவர்களுக்கு முன்னே, தீர்த்தக்கரைப் புரோகிதரான பண்டா ஓடினார். என் பேச்சுக்கு ஓர் அவை இத்தனை விரைவில் கலைந்ததில்லை.

மதினி மட்டும் எழவில்லை. எழவும் முடியாது.

"எந்தி புள்ள, போயிருவோம்."

"வரல." அவர் குரல் உயரவேயில்லை. "வீட்டுல ஒரு செம்பு வெந்நி வைக்க விடல. நானும் கேக்கல. இங்கன சாமியே வச்சுக் குடுத்திருக்கு. இதையும் அணைச்சிட்டுத்தான் போவீகளா?"

மேலே பஸ்காரர் ஹாரன் அடித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "தம்பி, நீங்க பேசாம இருங்க" என்றார் மதினி. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நியாயமான தீர்ப்பு அது.

அண்ணாச்சி சட்டையைக் கழற்றினார். குனிந்து தண்ணீரை அள்ளி முகர்ந்தார். பிறகு மனைவியைத் தாண்டித் தாம் முதலில் இறங்கி, கழுத்தளவு நீரில் குந்திக்கொண்டார்.

"என்ன செய்றீக?" என்றார் மதினி.

"செத்த பொறு. வெடிச்சா என்னோட போகட்டும்."

வெடிக்கவில்லை. கையை நீட்டினார். மதினி இறங்கி, முழங்கால் மூழ்க உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். ஹாரன் ஓயாமல் ஒலித்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. கலைந்துபோன கூட்டம் ஒவ்வொருவராகத் திரும்பி இறங்கியது. நான் மேலே சென்று, பஸ்ஸின் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அது ஒன்றுதான் அந்த யாத்திரையில் எவருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத என் சொற்பொழிவு.

அரை மணி கழித்து, மதினியைத் தோளில் சாய்த்தபடி அண்ணாச்சி படியேறி வந்தார். பஸ்ஸுக்குள் எல்லோர் முகமும் கடுகடுத்திருந்தது. அவர் உட்காரவில்லை. வாசலில் நின்று, ஊரார் அத்தனை பேரும் கேட்கச் சொன்னார்:

"ஊருக்குப் போனதும் கொல்லையில அடுப்பு போடுதேன். அந்திக்கு அந்தி நானே தீ மூட்டி இவளுக்கு வெந்நி வைப்பேன்."