எப்போதும்வென்றாரின் ரொட்டி

கோவில்பட்டிச் சீமையிலேயே இவரைப் போல நிதானமாகத் தோற்றவர் இன்னொருவர் கிடையாது. சொந்த ஊர் எப்போதும்வென்றான். அதனால் எங்கள் ஓவிய வகுப்பில் அவருக்குப் பெயர் ‘எப்போதும்வென்றார்’. அரசு ஓவியத் தேர்வில் அதுவரை மூன்று முறை தோற்றிருந்தார்.

எழுபதுகளின் கடைசி. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வகுப்புக்குப் போவேன். தேர்வில் தேறினால் டிராயிங் டீச்சர் ஆகலாம். எனக்கும் ஆசை அதுதான், அவருக்கும் அதுதான்.

கரிக்குச்சிக்கு அவர் கடைக்குப் போனதில்லை. தன் புஞ்சையின் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைத் தகர டப்பாவில் மூடிச் சுட்டு, வகுப்புக்கே கொண்டுவந்து கொடுப்பார். கரிக்கோட்டை ரப்பரால் தேய்த்தால் அப்பிக்கொள்ளும். ரொட்டியைப் பிசைந்து ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஆளுக்கொரு துண்டு கொண்டுபோவோம். அவரோ கோடு போடுமுன்பே தன் துண்டைத் தின்றுவிடுவார். அதனால் அவர் வரையும் ஆட்டுக்கு ஆறு கால் இருக்கும்.

“அது அழிக்கத்தானய்யா” என்பார் வாத்தியார்.

“திங்கிற பண்டத்தைப் போயி பேப்பர்ல தேய்க்கச் சொல்லுதீங்களே சார், பாவம்லா.”

ஒருநாள் பேஸ்டலில் மழைக்காலம் வரையச் சொன்னார் வாத்தியார். எங்களுக்கெல்லாம் நீலம் தீர்ந்துபோனது. இவர் தரையைக் கரிசலாகத் தீட்டிவிட்டு வானத்தை வெறுமனே விட்டிருந்தார்.

“மழை எங்கய்யா?”

“அதத்தான் சார் நாங்களும் மூணு வருசமா கேக்குதோம்.”



நாலாவது தேர்வுக்கு ரொட்டியைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். “இந்தத் தடவை திங்க மாட்டேன் தங்கச்சி. பாஸாயிட்டுத்தான் மறுவேலை” என்றார்.

கரியில் மண்பானை வரைய வேண்டும். என் பானை ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. பையைத் துழாவினேன். ரொட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்துப் பெஞ்சிலிருந்து, தாளைவிட்டுக் கண்ணெடுக்காமலே, அவர் தன் ரொட்டியை முழுசாக என் பக்கம் நகர்த்தினார். நான் திருப்பித் தந்தபோது அது தின்னவும் ஆகாமல் அழிக்கவும் ஆகாமல் கறுத்துக் கிடந்தது.

நான் தேறிவிட்டேன். அவர் பானைக்கு இரண்டு வாய்.

“ஏன் அண்ணாச்சி கொடுத்தீங்க?” என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

“அன்னைக்கு எனக்குப் பசியில்ல தங்கச்சி.”

அப்புறம் பல வருஷம் டிராயிங் டீச்சராக இருந்தேன். கரிக்கோடு சொல்லிக்கொடுக்கும் நாளில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி வாங்கிப்போவேன். ஒன்று அழிக்க, ஒன்று தின்ன.