சீர்த்தட்டைக் குப்பை என்று சொன்ன விவகாரம்

போத்தனூர்,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் கிருபாசங்கர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை சண்முகப்பிரியாவின் கணவன் திருமூர்த்தி எழுதிக்கொள்வது. ஆனைமலையில் தாங்களும் தென்னந்தோப்பும் மாடுகன்றும் சுகமென்று நம்புகிறேன். இங்கே யாரும் சுகமில்லை. தாங்கள் போனை எடுக்காததால் கடிதம். தாளின் பின்பக்கம் இருக்கும் பம்பு வரைபடத்தைக் கண்டு குழம்ப வேண்டாம்; கம்பெனியில் தப்பாக வரைந்து கழித்துப் போட்டது, ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது, வீணாக்குவானேன் என்று எடுத்து வந்தேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மிதுனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது. அந்த மடி தங்களிடம் இருக்கிறது. வேறு மடி ஏற்பாடு செய்யலாமா என்று தங்கள் தங்கையிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "எங்கண்ணன் வர்லீன்னா நானும் வர்லீங்க. நீங்க இஞ்சினியருதானுங்களே, நீங்களே ட்ரில்லு போட்டுக்கங்க" என்றாள்.

குப்பையைக் குறைக்கிறேன் என்று நான் கிளம்பியது தங்களை அவமானப்படுத்த அல்ல. ரெண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தினம் ஒரு மூட்டை குப்பை வெளியே போகிறது. ஒரு பம்பு இப்படிக் கசிந்தால் நாங்கள் லைனையே நிறுத்திவிடுவோம். அதனால் வீட்டையும் நிறுத்தினேன். முதலில் மிதுனுக்கு டயாபரை நிறுத்தித் துணி கட்டினோம். அன்றைக்குப் பிடித்த சாரல் இன்னும் விடவில்லை. கொடி ஹாலில் ஆரம்பித்து சாமி ரூம் கதவு வரைக்கும் போகிறது, காயாததை இஸ்திரி போட்டுக் காய வைத்தால் வருகிற வாசத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. இந்த லட்சணத்தில், தன் பிள்ளைக்கு டயாபர் வாங்கி வந்த கீழ்வீட்டு ஆஃப்ரின் அக்காவைப் படிக்கட்டில் மறித்து, அது மக்க எத்தனை தலைமுறை ஆகும் தெரியுமா என்று வேறு கேட்டுவைத்தேன். "மழ நிக்கட்டுங் தம்பி, அப்பறம் பேசிக்கலாம்" என்று போய்விட்டார்.

அடுத்து, காய்கறித் தோலை மக்க வைக்கப் பால்கனியில் மண்பானை வைத்தேன். மூத்தவள் அக்ஷயாவுக்கு நாலு வயது முடியவில்லை, ஆனாலும் மக்குவது எது, மக்காதது எது என்று பாடம் நடத்தினேன். ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பினால் வண்டிச் சாவியைக் காணோம். கட்டிலைக் கவிழ்த்து, அரிசி டப்பாவைக் கொட்டி, பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு முடித்த பிறகு, "பானைக்குள்ள இருக்குதுங்ப்பா, மக்குதான்னு பாக்கறேன்" என்றாள். பானையை ஹாலில் கொட்டிக் கிளறினோம். சாவி கிடைத்தது. புழுவும் கிடைத்தது, மிதுன் கையில். வாய்க்குப் போவதற்குள் பிடுங்கிவிட்டோம் என்றுதான் இதுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நேரத்தில்தான், போன மாதம், மிதுனின் முதல் பிறந்தநாளுக்குத் தாங்கள் சீரோடு வந்தீர்கள். தட்டுத் தட்டாகச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி. கூடவே பேட்டரி ஜீப், அதைச் சுற்றித் தெர்மாகோல். அக்ஷயா ஒவ்வொரு தட்டாகத் தொட்டு, "இது குப்பை, இதும் குப்பை" என்று வரிசையாகப் போய், தங்கள் முன்னால் நின்று, "குப்பைய கொண்டாந்தவங்களே எடுத்துட்டுப் போயரோணுங் மாமா" என்றாள். அது கடைக்காரர்களுக்காக நான் சொல்லிக்கொடுத்தது. சொந்தக்காரர்களுக்கு விலக்கு உண்டு என்று சொல்லித்தர விட்டுப்போயிற்று. நான் சிரித்து மழுப்பியிருக்கலாம். பாப்பா சொல்றது சரிதானுங்க மச்சான், ஜீப்ப விட அட்டைப்பெட்டிதானுங்க பெருசு என்றேன். தாங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பினீர்கள். சாப்பிட்டுப் போகச் சொல்லித் தங்கை அழுதாள். "நா உண்டுபோட்டுப் போனா அந்த எலையும் குப்பைதானுங்களே மாப்ள" என்றீர்கள். இல்லீங்க, வாழையெல மக்கிருமுங்க என்றேன். அதுவும் தப்பு என்று பிறகு எனக்கு விளக்கப்பட்டது. என்ன தப்பு என்று இன்னும் முழுதாகப் புரியவில்லை. வாழையிலை மக்கத்தான் செய்யும்.

ஆகவே, ஞாயிறன்று தாங்கள் அவசியம் வர வேண்டும். என் கருத்தில் மாற்றமில்லை. தாம்பாளத்தில் தேங்காய், பழம், துணி மட்டும், மேலே எதுவும் சுற்றாமல் கொண்டுவந்தால் போதும்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். தங்கள் தோப்புக்கு மழையும் எங்கள் கொடிக்கு வெயிலும் கொடுக்கச் சொல்லி மாசாணியம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லவும்.

இப்படிக்கு,
கொள்கை மாறாத
திருமூர்த்தி

பி.கு.: இதைப் போடப் பழைய உறை ஒன்று தேடினேன். அதையெல்லாம் அக்ஷயாதான் சேர்த்து வைத்திருப்பாள் என்று அவள் தலையணையைத் தூக்கினால், அடியில் தங்கள் தட்டில் சுற்றியிருந்த சிவப்புக் கண்ணாடித்தாள், நாலாக மடித்து. குப்பையை எதற்கு வைத்திருக்கிறாய் என்றேன். பிடுங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, "இது குப்பையில்லீங்ப்பா, மாமா கொண்டாந்தது" என்கிறாள். மேலே எழுதியதை விட்டுவிடுங்க மச்சான். எத்தனை தட்டு வேண்டுமானாலும் கொண்டு வாங்க. சிவப்புத்தாள் சுற்றியே வாங்க. உண்டுட்டுத்தான் போகோணும். இன்னொன்று, இங்கே காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை, மிதுன் உட்காரப் போவது தங்கள் பட்டுவேட்டியில். ஆகையால் டயாபர் பெரிய பொட்டலமாக ஒன்று. அதை மட்டும் தட்டில் வைக்காமல் பைக்குள் போட்டுக் கொண்டு வரவும். ஆஃப்ரின் அக்காவையும் காதுகுத்துக்கு அழைத்திருக்கிறேன்.