காலிப் பெட்டிக்கு ஒரு பிராசஸர்

கடையில் விற்கிற கம்ப்யூட்டரை வாங்குவதில்லை என்று பஷீர் அஹமது முடிவு செய்தார். உதிரி உதிரியாக வாங்கி, தன் கையால் பூட்டி, தன் வீட்டில் ஓட விடுவது. இதை ஓசூர் தொழிற்பேட்டையில் தான் வேலை செய்த ஸ்கூட்டர் பாகக் கம்பெனியின் கேன்டீனில், உப்புமாத் தட்டும் கையுமாக நின்று அறிவித்தார். தொண்ணூற்றெட்டு ஆயுத பூஜை சமயம். முடிவு அன்றைக்கே ஆகிவிட்டது. கம்ப்யூட்டர்தான் ஆகவில்லை.

பெட்டி வந்தது. டிவி மாதிரி மானிட்டர் வந்தது. கீபோர்டு, போர்டு, டிஸ்க் எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து பஸ்ஸில் அவர் மடியிலேயே உட்கார்ந்து வந்தன. பூட்டியும் ஆயிற்று. பாக்கி பிராசஸர் ஒன்று. அதாவது மூளை.

அதில்தான் மாட்டிக்கொண்டார். மனுஷனின் தொழில் அப்படி. கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் சரக்கைப் பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டர். அவர் பச்சை டேக் கட்டினால் சரக்கு உள்ளே. சிவப்பு டேக் கட்டினால் வந்த லாரியிலேயே திரும்ப வேண்டியதுதான். தன் கல்யாணத்தன்றே ஒரு தேக்சா பிரியாணியைத் திருப்பி அனுப்பினவர்.

ஆனால் ஒரு சங்கதி. ஒவ்வொரு டேக்கிலும் கையெழுத்துப் போட்டால் விரல் ஒடியும். அதனால் ஞாயிறு மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்து, வரப்போகிற வாரத்துப் பச்சை டேக்குகளில் மொத்தமாகப் போட்டுவிடுவார். சரக்கு இன்னும் கிளம்பியே இருக்காது, இங்கே பாஸாகியிருக்கும். கட்டுக் கட்டாக அடுக்கி ரப்பர் பேண்டு போடுவது அவர் மனைவி ஹமீதுன்னிசா. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். தெரியக்கூடாத ஆள் எதிர் வீட்டில் இருந்தார். நாராயணப்பன், அதே கம்பெனியின் ஆடிட்டர். எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து, எந்தத் தேதி என்று பார்ப்பதே அவர் பிழைப்பு.

ஹமீதுன்னிசா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பக்கத்து மெட்ரிக் பள்ளியில் வருஷப் பரீட்சைக் கேள்வித்தாள் முழுக்க அவளே அடித்துத் தருவதாகப் பேச்சு. மார்ச்சுக்குள் கம்ப்யூட்டர் ஓடவேண்டும். இல்லாவிட்டால் வேலை கிருஷ்ணகிரி அச்சகத்துக்குப் போய்விடும்.

"என்னாங்க, அந்த பிராசஸர் எப்பத்தான் வரும்?"

"மலிவா செலரானா, வேகமா பென்டியமான்னு பார்க்கணும். பென்டியம்னா முந்நூத்தம்பதா நானூறான்னு பார்க்கணும்."

"டைப் அடிக்க எது போதும்?"

"போதும்னு பார்த்தா வாங்குவாங்க? அடுத்த மாசம் இன்னும் வேகமா ஒண்ணு வருதாம். இப்ப வாங்கினா பழசாயிடும்."

"இப்படிப் பார்த்திருந்தா எங்க அத்தாவும் அடுத்த வருஷம் இன்னும் நல்ல மாப்பிள்ளை வருவான்னு காத்திருப்பாரு."

பஷீர் பென்சிலை எடுத்தார். காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் இன்னொரு கோடு போட்டார். மூன்று கடை கொட்டேஷன், எட்டு பிராசஸர், பதினோரு கட்டம். பெட்டிக்குள் அடிப்பக்கம் காலி இடம் இருந்தது. அங்கே ஹமீதுன்னிசா பூண்டு போட்டு வைத்தாள்.

"இதென்ன அக்கிரமம்?"

"காத்தோட்டமா இருக்குதுங்க. முளைக்கவே மாட்டேங்குது. உள்ளே ஏதாச்சும் ஒண்ணு உருப்படியா இருக்கட்டும்."

பிப்ரவரியில் ஒரு நாள் பூண்டு பழையபடி சமையலறைக் கூடைக்குப் போயிற்று. ஹமீதுன்னிசா பிராசஸர் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். ஒரு வழியாக இவளுக்கும் புரிந்துவிட்டது என்று பஷீர் சந்தோஷப்பட்டார். ஊர் நட்டையெல்லாம் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறவர், மானிட்டர்மேல் போட்ட துணி தினமும் வேறு மாதிரி மடிந்திருந்ததைப் பார்க்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் நாராயணப்பன் விடவில்லை. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

"ஏனு பாய், பெட்டிக்கு மூளை வந்துதா?"

பஸ் சிரித்தது. டிரைவர் சிரித்ததுதான் பஷீருக்குத் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வாங்க. உங்க கண்ணு முன்னால பூட்டி ஓட விடறேன்."

சொன்ன சொல். சனிக்கிழமை பெர்மிஷன் போட்டு பெங்களூர் ஓடினார். நாலு மணி நேரம் நின்று, கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, பென்டியம் நானூறு ஒன்றை வாங்கினார்.

ஞாயிறு பத்து அடித்தது. நாராயணப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பஷீர் புது டப்பாவை ஒரு கையில் பிடித்தபடி, டாக்டர் தோரணையில் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

பிராசஸர் உட்காரவேண்டிய இடத்தில் பிராசஸர் உட்கார்ந்திருந்தது. கேசட் மாதிரி கச்சிதமாக. பக்கத்தில் நூல் போட்டு ஒரு பச்சை டேக்.

நாராயணப்பன் குனிந்தார். டேக்கைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"செலரான். பரிசோதித்தது, சரி. பஷீர் அஹமது." நிமிர்ந்தார். "நீங்களே பாஸ் பண்ணிட்டீங்களா பாய்?"

பஷீர் வாயைத் திறந்தார். இல்லை என்றால் கையெழுத்து எப்படி வந்தது? திறந்த வாயை மூடி, தலையை மட்டும் ஆட்டினார்.

"தேதி பதினெட்டு ரெண்டுன்னு இருக்குதே. அன்னிக்கு நீங்க டிரெய்னிங்குக்கு மெட்ராஸ்ல இல்ல இருந்தீங்க?"

பஷீர் புது டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சமையலறை வாசலிலிருந்து ஹமீதுன்னிசாவின் குரல் வந்தது.

"தேதி நான் எழுதினதுண்ணா. முந்தின நாளே பார்த்து, கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுத்தான் ஊருக்குப் போனாரு. பூட்டினது நான். பூட்டின தேதி அது. அப்படித்தானேங்க?"

"அப்படித்தான்," என்றார் பஷீர். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"அப்ப கையில இருக்கிற டப்பா?"

"அது பெங்களூருக்கே திரும்பப் போகுதுண்ணா," என்றாள் ஹமீதுன்னிசா. "அதுக்கு இவரு சிவப்பு டேக் போட்டுட்டாரு."

சொல்லிக்கொண்டே வந்து சுவிட்சைப் போட்டாள். பெட்டி உறுமி விழித்ததும் கீபோர்டில் ரெண்டு தட்டுத் தட்டினாள். திரையில் நாலாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாள், பதிமூன்றாவது கேள்வி வரை தயாராக நின்றது.

"வீட்டுலகூட டேக் இல்லாம ஒரு பாகம் உள்ள போகலை," என்றார் நாராயணப்பன், உண்மையாகவே நெகிழ்ந்து. "நாளைக்கு ஆடிட் மீட்டிங்ல உங்களைத்தான் சொல்லப் போறேன் பாய்."

டீ குடித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தியதும் பஷீருக்குக் குரல் திரும்பியது.

"யாரைக் கேட்டு இதை வாங்கின?"

"கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டைப் கடை வெச்சிருக்காளே வீரலட்சுமி, என்கூட டைப்ரைட்டிங் படிச்சவ, அவளை. உங்கிட்ட என்ன ஓடுதுன்னேன். செலரான்னா. நல்லா ஓடுதான்னேன். ஓடுதுன்னா. அவளே வாங்கிட்டு வந்து கத்துக் குடுத்துட்டுப் போனா. அரை நாள்ல முடிஞ்சுது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"அஞ்சு மாசம் கேட்டேன்."

"என் டேக்கை எடுத்து..."

"உங்க பாஸ் இல்லாம இந்த வீட்டுக்குள்ள ஒரு ஆணி வந்திருக்குதா? அந்த மரியாதைக்குத்தான் கட்டினேன்."

மத்தியானம் ஆயிற்று. டிவி முன்னால் வழக்கமான இடத்தில் பஷீர் உட்கார்ந்தார். ஹமீதுன்னிசா டேக் கட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். கட்டு இந்த வாரம் கொஞ்சம் தடிமனாக இருந்தது. அடியில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது.

"இது எதுக்கு?"

"அதுலயும் நாலு கையெழுத்துப் போட்டு வைங்க," என்றாள். "அடுத்து உதிரி வாங்கி ஃபிரிட்ஜ் பூட்டப் போறதா கேன்டீன்ல சொன்னீங்களாமே."