சென்னகிருஷ்ணனின் ஒரே ஒரு கேள்வி

கூட்டங்களில் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவர் எல்லா ஊரிலும் உண்டு. கோயமுத்தூரில் சற்று அதிகம். பேச்சாளர் பேசுகையில் அவர் செவிகொடுப்பதில்லை. கொடுத்தால் தம் கேள்வி மறந்துவிடும். "ஏதேனும் ஐயம் உண்டா?" என்று தலைவர் முடிப்பதற்குள் எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்து, நாற்புறமும் கும்பிட்டு, "ஒரே ஒரு கேள்வியுங்க" என்பார். பின்னர் வருவதில் கேள்வியைத் தவிர மற்றெல்லாம் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில், அயல்நாட்டில் பன்னாட்டு உறவுகளுக்கான மேற்படிப்புப் பள்ளியொன்றில் கற்பிக்கும் தமிழ்ப் பேராசிரியர், தம் பள்ளியின் மாணவர் சேர்க்கையைப் பற்றிப் பேச எங்கள் மன்றத்துக்கு வந்தார். பேசிவிட்டு மேட்டுப்பாளையம் போகும் சாயங்கால ரயிலைப் பிடித்தாக வேண்டும். முன்வரிசையில் பி.ஏ. தேறிய பத்மாவதியும் அவள் தந்தை அரங்கசாமியும்.

"பொண்ணுகளையும் சேர்த்துக்குவோம்னு அவரு வாயாலயே சொல்லட்டும் அம்மணி, அனுப்பிப்போடறேன். இல்லாட்டி காரமடை மாப்பிள்ளைதான்" என்றார் தந்தை.

தாராள மனத்தர் என்று எண்ணிவிடாதீர்கள். சபையில் எங்கள் ஊர்க் கேள்விக்காரர் சென்னகிருஷ்ணன் அமர்ந்திருப்பதைக் கண்ட பிறகே அவ்வாக்கைக் கொடுத்தார். சென்னகிருஷ்ணன் எழுந்த கூட்டத்தில் வேறெவருக்கும் முறை வந்ததில்லை.

சென்னகிருஷ்ணன் எழுந்தார். உலக அமைதியில் தொடங்கி, சூயஸ் கால்வாயைக் கடந்து, தம் பாட்டனார் பெருந்துறைச் சந்தையில் இரு வியாபாரிகளைச் சமாதானம் செய்த வரலாற்றை விரித்து, அவ்வியாபாரிகளின் சம்பந்தி வழிகளையும் தெளிவுபடுத்தி, "ஆகவேங்க..." என்று மூச்சு வாங்கினார். அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"அதுக்கு முன்னால ஒரு சங்கதியுங்க."

தலைவர் தடுக்கக் கூடாதா? எப்படித் தடுப்பார்? மன்றத்து மின்விசிறிகள் மூன்றும் சென்னகிருஷ்ணன் உபயம். இறகுதோறும் சிவப்பு எழுத்தில் அவர் பெயர். ஒருவர் கொடுத்த காற்றை வாங்கிக்கொண்டே அவரை உட்காரச் சொல்வது கொங்குநாட்டுப் பண்பா?

பேராசிரியர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கேளு கண்ணு" என்றார் அரங்கசாமி, மிகுந்த பரிவோடு.

"அவரு நிறுத்தட்டுமுங்க அப்பா."

"அவரு எங்கே நிறுத்தியிருக்காரு?"

பத்மாவதி எழுந்து சுவரோரமாக நடந்து, மூன்று விசைகளையும் அணைத்தாள்.

சுழலும் இறகில் எழுதிய பெயரை யாரால் படிக்க முடியும்? இப்போது விசிறிகள் தயங்கித் தயங்கி நின்றன. சபை முழுவதும் அண்ணாந்து, 'சென்னகிருஷ்ணன் உபயம்' என்று முணுமுணுத்துப் படித்தது. சென்னகிருஷ்ணனும் அண்ணாந்தார். நிறைந்த சபை தம் பெயரைப் படிக்கக் காண்பது அவருக்கு அதுவே முதல் முறை. பேச்சு நின்றது.

"பொண்ணுகளைச் சேர்த்துக்குவீங்களா, ஐயா?"

"கட்டாயம் சேர்ப்போம்" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் பேராசிரியர் ரயிலுக்கு ஓடினார்.

அரங்கசாமி நெற்றியைத் துடைத்தார். "புழுக்கமா இருக்குது. விசிறியைப் போடு அம்மணி."

"போட்டா மறுபடி ஆரம்பிச்சுருவாருங்க."

வாசகரே, தாங்கள் இக்கேள்விக்கார இனத்தவர் அல்லீர், மகிழ்ச்சி. ஆயினும், 'அந்நேரத்தில் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் ஏது? இதைப் பற்றி என் மாமனார் ஒருமுறை...' என்று இடையே எழுந்து சொல்லத் தோன்றியதா? அப்படியாயின், அடுத்த கூட்டத்தில் தாங்கள் எழுந்தவுடன் எவரேனும் சுவரோரமாக நடக்கத் தொடங்கினால் வியப்படையாதீர்கள்.