மனேஜர் எடுத்த கஷ்டமான முடிவுகள்

இனிமேல் யாரையும் கேட்காமல் முடிவெடுப்பது என்று முடிவெடுத்தேன். முப்லிஹாவிடம் சொன்னேன். "நல்லது, எடுங்க" என்று அனுமதி தந்தாள்.

முப்லிஹா என் மனைவி. காத்தான்குடி வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்களில் கலியாணம் முடிந்தால் பெண் போவதில்லை, ஆண்தான் போகிறான். பெண்ணுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார். மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோவார். வீடு அவள் பெயரில் இருக்கும். என் மாமனார் இன்னும் தாராளமானவர், கடையையும் அவள் பெயரிலேயே எழுதிவிட்டார். 'முப்லிஹா டெக்ஸ்.' இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாறனும் துணிமணியும் விற்கிறோம். தைப்பதற்குப் பெண்பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். நான் அங்கே மனேஜர். என் பெயரில் இருப்பது என் பெயர் மட்டும்தான்.

இந்தத் திடீர் வீரத்துக்குக் காரணம் ஒரு சாறன். சாயம் போய்விட்டது, மாற்றித் தாருங்கள் என்று ஏறாவூரிலிருந்து ஒருவர் வந்தார். நியாயமான ஆள். "மாத்திக் குடு" என்று இஷாமிடம் சொன்னேன். இஷாம் முப்லிஹாவின் தம்பி. கடையில் விற்பனைக்கு நிற்கிறான், அதாவது போனை நோண்டிக்கொண்டு நிற்கிறான்.

"ராத்தாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மாத்துவம் மச்சான்," என்றான், போனிலிருந்து தலையெடுக்காமல்.

ஏறாவூர்க்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க ஆரு?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்காளைக் கேட்டுவிட்டு இஷாம் சாறனை மாற்றிக் கொடுத்தான். அவர் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமையே, மட்டக்களப்பு டவுனில் கொழும்பு முதலாளிகள் மாடி வைத்த துணிக்கடை திறக்கப் போகிறார்கள், மனேஜர் தேவை என்று கேள்விப்பட்டேன். குளிரூட்டிய அறை. சுழலும் கதிரை. இஷாம் இல்லாத வாழ்க்கை. ரகசியமாக விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. முதல்நாள் பின்னேரம் என் சேர்ட்டை நானே அயன் பண்ணினேன். அதில் முப்லிஹா கண்டுபிடித்துவிட்டாள்.

"டவுன் கடைக்கா போறீங்க?" என்று கேட்டாள். வாவி இறாலைக் கோது உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம். அதுக்கென்ன?"

"ஒண்டுமில்ல. என்ன கேப்பாங்க எண்டு தெரியுமா?"

"இப்ப எல்லா இடத்திலயும் ஒரு கேள்விதானாம். வேலையில நீங்க எடுத்த கஷ்டமான முடிவு ஒண்டச் சொல்லுங்க எண்டு கேக்காங்களாம்."

"அப்ப சொல்லுங்க பாப்பம்."

நான் தொண்டையைச் செருமினேன். "போன பெருநாளைக்குச் சிவப்புச் சாறன் நிறைய இறக்கின."

"அது நான் சொல்லி இறக்கின."

"மறுகா அதத் திருப்பி அனுப்பின."

"அதுவும் நான் சொன்ன. மறுகா?"

"பெரிய மழைக்குள்ள கடைக் கதவ மூடின."

"அது காத்து மூடின."

"கடைக்குப் புதுப் பலகை போட்ட."

"பலகையில ஆர்ர பேர் இரிக்கி?"

எனக்கு வேர்த்துவிட்டது. "உன்னக் கலியாணம் முடிச்ச," என்றேன் கடைசியில். "அது கஷ்டமான முடிவுதான்."

"அது எங்கட வாப்பா எடுத்த முடிவு. கஷ்டம் எனக்கு." ஒரு இறாலைச் சட்டிக்குள் போட்டாள். "இஞ்ச பாருங்க. உள்ளதச் சொல்லுங்க. நான் எதையும் கேட்டுத்தான் செய்வன் எண்டு சொல்லுங்க. அதுல என்ன வெக்கம்?"

பார்த்தீர்களா? மனேஜர் வேலைக்குப் போகிறவன், நான் முடிவே எடுக்கமாட்டேன் என்று சொல்லவேண்டுமாம். சமையல்காரன் வேலைக்குப் போய், எனக்கு அடுப்பைக் கண்டால் பயம் என்று சொல்லச் சொல்கிறாள். என்னை முன்னேற விடக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான் இவளுக்கு. எனக்கு வந்த கோபத்தில் சேர்ட்டின் கையை இரண்டு தரம் அயன் பண்ணினேன்.

மறுநாள் மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலம் கடந்து போனேன். அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கொழும்பிலிருந்து வந்த டை கட்டிய இளைஞர்கள். நடுவில் வேர்னன் ஐயா. டவுனில் பழைய பறங்கிக் குடும்பத்து மனிதர், வெள்ளை மீசை, கனிவான கண்.

"மிஸ்டர் ஷாமில், உங்கட வேலையில நீங்க எடுத்த கஷ்டமான முடிவு ஒன்றச் சொல்லுங்க," என்றார்.

உள்ளதைச் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"எங்கட கடையில ஃபேன் ஒண்டுதான் சேர்," என்று ஆரம்பித்தேன். "அது என்ட மேசைக்கு மேல சுத்தின. தைக்கிற புள்ளைகள் வேர்த்து விறுவிறுத்துப் போய் இருந்தாங்க. மனசு கேக்கல்ல. கழட்டி அவங்கட பக்கம் பூட்டுங்க எண்டு சொல்லிட்டன்."

அந்தப் பிள்ளைகள் ஃபேன் கேட்டது உண்மை. எனக்குக் காது கேட்காததுபோல் நான் இருந்ததும் உண்மை. டை கட்டிய ஒருவர் எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதைக் கண்டதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"சாமான் கொண்டு போறவங்க வெயிலுக்குள்ள சைக்கிள் மிதிச்சாங்க சேர். என்ட மோட்டார் சைக்கிளக் கடை வேலைக்கு விட்டுட்டன். இப்ப நான் நடந்துதான் திரியிற." மடியில் இருந்த ஹெல்மெட்டை மெதுவாகக் கதிரைக்குக் கீழே தள்ளினேன்.

"எல்லாத்துக்கும் மேல கஷ்டமானது?"

எனக்கு இஷாமின் முகம் தெரிந்தது. "சொந்தக்கார ஆள் ஒருத்தர வேலைய விட்டு நிப்பாட்டின சேர். பத்து மணி பிந்தித்தான் கடைக்கு வருவாரு. பகல் சோறு திண்டா துணிக்கட்டுக்குப் பின்னால நித்திர. மத்த நேரமெல்லாம் போன். குடும்பம் வேற, கடை வேற எண்டு முடிவெடுத்தன். நெஞ்சு வெடிச்சிப் போச்சி சேர்."

சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. வேர்னன் ஐயா டிஷூ எடுத்துத் தந்தார். வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து மூக்கைத் துடைத்தேன்.

"உங்கட கடை ஓனரோட ஒரு வார்த்தை பேசுவம்," என்று அவர் விண்ணப்பத்தில் இருந்த கடை நம்பரை அழுத்திப் போனை மேசையில் வைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி மணி அடித்தது. எடுத்தது முப்லிஹா.

வேர்னன் ஐயா தன்னை இன்னார் என்று சொல்லி, ஃபேன், மோட்டார் சைக்கிள், சொந்தக்காரன் மூன்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார். "இதெல்லாம் உண்மையா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கூட நின்றுவிட்டது.

"ஓம் சேர்," என்றாள். "உள்ளதுதான்."

அல்லாஹ் அறிய, அந்த நிமிடம் அவளை நான் மனதாரக் காதலித்தேன். இஷாமைக்கூட மன்னித்தேன்.

"அவர் ஆரையும் கேக்க மாட்டாரு சேர்," என்று அவள் தொடர்ந்தாள். "கடை என்ட பேர்ல இரிக்கி. ஆனா என்னக் கேக்க மாட்டாரு. கேக்காம ஃபேனக் கழட்டுவாரு, கேக்காம ஆள நிப்பாட்டுவாரு. அவ்வளவு துணிச்சல். கொழும்பிலிரிந்து பெரியவங்க சொன்னாலும் அவர் நினைச்சதத்தான் செய்வாரு."

இரண்டு டைகளும் ஒன்றையொன்று பார்த்தன. வேர்னன் ஐயா போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பெரிய ஆள்தான் நீங்க, மிஸ்டர் ஷாமில். ஆனா எங்களுக்குச் சரிவராது. இங்க முடிவெல்லாம் கொழும்புல எடுப்பாங்க. ஒரு சாறன் மாத்திக் குடுக்கிறதெண்டாலும் மனேஜர் போன் எடுத்துக் கேட்கவேணும். எங்களுக்கு வேணும், கேட்டுப் பழகின ஒரு ஆள்."

கேட்டுப் பழகின ஆள். இந்த வாவியின் இரண்டு கரையிலும் தேடிப் பாருங்கள், என்னைவிடக் கேட்டுப் பழகியவன் கிடைப்பானா? தேத்தண்ணிக்கு இன்னும் ஒரு கரண்டி சீனி போடலாமா என்று கேட்டுப் போடுகிறவன் நான். தலைமயிர் வெட்டப் போவதற்கும் கேட்டுவிட்டுப் போகிறவன். இந்த வேலைக்கென்றே பிறந்து, கலியாணம் முடித்து, பயிற்சியும் எடுத்தவன்.

"சேர், உண்மையச் சொன்னா..." என்றேன்.

"தன்னடக்கம் வேணாம். உங்கட ஓனரே எல்லாம் சொல்லிட்டாங்க," என்று அவர் எழுந்து கை கொடுத்தார்.

கல்லடிப் பாலத்தில் திரும்பி வரும்போது நான் பேசிய பேச்சை வாவி மீன்கள் கேட்டிருந்தால் கரையேறியிருக்கும். இன்று இரண்டில் ஒன்று பார்ப்பது என்று கடைக்குள் ஏறினேன். என் மேசைக்கு மேலே வெறும் கொளுக்கி தொங்கியது. ஃபேன் தைக்கிற பிள்ளைகளின் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"மனேஜருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளத் தரட்டும்," என்றாள் தைக்கிற நிஸ்மியா.

"இது ஆர்ர வேல?" என்று கத்தினேன்.

"உங்கட வேல," என்றாள் முப்லிஹா. "நீங்கதானே முடிவெடுத்த."

"அது சும்மா சொன்னதுகா."

"நீங்க சும்மா சொன்னீங்க. நானும் உள்ளதுதான் எண்டு வாயால சொல்லிட்டனே. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. அப்ப அத உள்ளதாக்கத்தானே வேணும்? மோட்டார் சைக்கிள் சாவியத் தாங்க."

"நான் ஆரையும் கேக்க மாட்டன் எண்டு ஏன்கா சொன்ன?"

"நீங்கதானே இனிக் கேக்க மாட்டன் எண்டு எனக்கிட்டச் சொன்ன. புருஷன்ட சொல்ல நம்புறது குத்தமா?"

சாவியைக் கொடுத்தேன். அதை அவள் இஷாமிடம் கொடுத்தாள். என் கோபம் தலைக்கேறியது.

"இன்னும் ஒண்டு கிடக்கி," என்றாள். "சொந்தக்கார ஆள நிப்பாட்டின."

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஃபேன் போனால் போகட்டும், மோட்டார் சைக்கிள் போனால் போகட்டும், இஷாமும் அல்லவா போகிறான். "ஓம், ஓம். அதையும் உள்ளதாக்கு," என்றேன். "அந்த முடிவில நான் உறுதியா நிக்கிறன்."

"அந்த ஆள் எப்பிடி எண்டு இவங்களுக்கும் ஒருக்காச் சொல்லுங்க."

தைக்கிற பிள்ளைகள், இஷாம், சாறன் வாங்க வந்த இரண்டு பேர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "பத்து மணி பிந்தித்தான் கடைக்கு வாற. பகல் சோறு திண்டா துணிக்கட்டுக்குப் பின்னால நித்திர. மத்த நேரமெல்லாம் போன்."

நிஸ்மியா குனிந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். அவள் தோள் குலுங்கியது.

"இஷாம் காலையில எட்டு மணிக்குக் கடையத் தொறக்கான்," என்றாள் முப்லிஹா. "நீங்க வரக்குள்ள பத்து பிந்திரும். அதால உங்களுக்குத் தெரியாது."

"அவன் துணிக்கட்டுக்குப் பின்னால படுக்கல்லயா?"

"அங்க எடம் எங்க இரிக்கி? நீங்க படுத்திருப்பீங்களே."

"அப்ப அந்தப் போன்?"

"அதுல அவன் ஓட்டமாவடி வரைக்கும் சாறன் விக்கான். நீங்க உங்கட போன்ல என்ன பாக்கிறீங்க எண்டு நான் கேக்கல்ல."

நான் சாறன் வாங்க வந்தவர்களைப் பார்த்தேன். அவர்கள் சாறனைப் பார்த்தார்கள்.

"நான் ஒரு முடிவும் எடுக்கல்ல," என்றாள் முப்லிஹா, மிகவும் மரியாதையாக. "நீங்க எடுத்த முடிவு. உறுதியா நிக்கிறன் எண்டும் சொல்லிட்டீங்க. இனி மனேஜர் வேலைக்கு ஆள் தேடணும். விருப்பமெண்டா நீங்களும் வந்து பாருங்க."

நாளைக் காலை எட்டு மணிக்கு நேர்முகத் தேர்வு. கேள்வி கேட்கப் போகிறவன் இஷாம்.